ஃபேனுக்கு யாரு பாஸ்?

இந்த வாரம் நம்ம பேஷன்ட்டுக்கு ஊர் திருமுல்லைவாயல். வயசு நாலு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி, வீட்டு ஹாலில் உட்கார்ந்து பூட்டிய அசெம்பிள்டு உடம்பு.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே போன். ''அண்ணா, என் சிஸ்டம் படுத்துடுச்சு. கடையில காட்டினா மதர்போர்டு காலிங்கிறாங்க. 8,500 ரூபா ஆகுமாம். செவ்வாய்க்கிழமை எனக்கு பிளேஸ்மென்ட் டெஸ்ட்ணா...''

தம்பி இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். முந்தின வாரம்தான் ஒரு கம்பெனியின் கோடிங் டெஸ்ட் எழுதியிருக்கிறான். சாயங்காலம் ஆறரை மணிக்கு, வீட்டிலிருந்தபடியே, வெப்கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதும் டெஸ்ட். நாற்பதாவது நிமிஷத்தில் டப்பென்று எல்லாம் இருட்டு. திரும்ப ஆன் பண்ணி, பாஸ்வேர்டு போட்டு, நுழைவதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று திரை சொல்லிவிட்டது. அந்தக் கம்பெனி அவன் காலேஜுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். போனது போனதுதான்.

அப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். 8,500 ரூபாய் என்பது அவருக்கு ரெண்டு மாச ஓ.டி. காசு. (அம்பத்தூர் ஓ.டி. இல்லை பாஸ், ஓவர்டைம்!) ஆனாலும் அவர், ''புள்ள படிப்புக்குத்தானே, மாத்திடலாம் விடுப்பா'' என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. ''நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் பத்துப் பைசா கொடுக்காதே'' என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் போய் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி: ''படுத்துடுச்சுன்னா எப்படி? நீ பார்த்ததை மட்டும் சொல்லு.''

இந்தக் கேள்வி முக்கியம். டாக்டரிடம் போய், 'எனக்கு டைஃபாய்டு' என்று யாரும் சொல்லக்கூடாது. 'ராத்திரி காய்ச்சல் வருது, காலையில போயிடுது' என்றுதான் சொல்லணும். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் நாம் எல்லாருமே நேராக வியாதிப் பெயரைச் சொல்கிற ஆட்கள். 'போர்டு போச்சு', 'ராம் போச்சு', 'வைரஸ் வந்துடுச்சு'.

தம்பி சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒண்ணு, ஆன் செய்த பத்து நிமிஷத்தில் எருமை மாதிரி நடக்கிறது. ரெண்டு, சில நாள் தானாக அணைந்துவிடுகிறது. மூணாவது, ''ஃபேன் பிரச்னை எல்லாம் இல்லைண்ணா. அது நாலு மாசம் முன்னாடி கத்திட்டிருந்தது. பக்கத்துல ஒரு கடையில 400 ரூபாய்க்கு வேற கூலர் போட்டுட்டேன். இப்ப சத்தமே கிடையாது'' என்று பெருமையாகச் சொன்னான்.

எனக்கு அந்தப் பெருமைதான் இடித்தது.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். ப்ராசஸர் மேல் இருக்கும் புது ஃபேன் நிதானமாக, ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சோம்பலோடு சுத்திக்கொண்டிருந்தது. டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போனேன். அதில் ஹார்ட்வேர் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் எட்டிக்கூடப் பார்க்காத பக்கம். அங்கே ரெண்டு வரி. சி.பி.யூ. டெம்பரேச்சர் 86 டிகிரி. சி.பி.யூ. ஃபேன் வேகம்: எதுவும் இல்லை!

86 டிகிரி என்பது சும்மா இருக்கும்போதே. ஒரு வேலையும் கொடுக்கவில்லை. 40, 45-ல் இருக்கவேண்டிய நேரம் அது. ஃபேனோ கண்ணெதிரே சுத்துகிறது. போர்டு 'ஃபேனா, எங்கே?' என்கிறது. ரெண்டில் ஒன்று பொய் சொல்லணும், இல்லையா?

ரெண்டுமே பொய் சொல்லவில்லை. ஃபேன் வயரைத் தொடர்ந்து விரலை ஓட்டிப் பார்த்தால், அது சி.பி.யூ. ஃபேனுக்கான பின்னில் இல்லை. நாலு இன்ச் தள்ளி, கேபினட் ஃபேனுக்கான பின்னில் சொருகியிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஃபேன் வயரைப் பற்றிப் பேசியே ஆகணும். நம்ம வீட்டு சீலிங் ஃபேனுக்கு ரெகுலேட்டர் சுவரில் இருக்கிறது, நாம் திருகுகிறோம். கம்ப்யூட்டர் ஃபேனுக்கு ரெகுலேட்டரைத் திருகுவது மதர்போர்டு. கூலரோடு வரும் நாலு பின் ஃபேனில் வழக்கமாக நாலு கலர் வயர் பார்ப்பீர்கள். கறுப்பு, கிரவுண்டு. மஞ்சள், 12 வோல்ட் சாப்பாடு. பச்சை, ரிப்போர்ட் வயர்: ஃபேன் ஒரு சுத்து சுத்தினால் ரெண்டு துடிப்பை போர்டுக்கு அனுப்பும். அதை எண்ணித்தான் பயாஸ், '1,200 ஆர்.பி.எம்.' என்று நமக்குக் காட்டுகிறது. நீலம், ஆர்டர் வயர். அதில் செகண்டுக்கு சுமார் 25,000 தடவை போர்டு ஒரு சிக்னலை ஆன் ஆஃப் செய்துகொண்டே இருக்கும். ஆன் நேரம் கூடினால் 'வேகமா சுத்து', குறைந்தால் 'மெதுவா போ'. இதுதான் பி.டபிள்யூ.எம். ஆர்டர் வயரில் எதுவுமே வரவில்லை என்றால்? ஃபேன் முழு வேகத்தில் சுத்தும். நல்ல வேலைக்காரன் மாதிரி, முதலாளி சத்தமே காணோமென்றால் எதற்கும் இருக்கட்டுமென்று ஓவர்டைம் பார்க்கும்.

மூணு பின் ஃபேனில் இந்த ஆர்டர் வயர் கிடையாது. அதன் வேகத்தை மாற்ற ஒரே வழி, 12 வோல்ட் சாப்பாட்டையே குறைத்துப் போடுவது. ஏழெட்டு வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சுத்தும். பயாஸில் இதற்கு டி.சி. மோடு என்று பெயர்.

இப்போது தம்பி மெஷினுக்கு வருவோம். புது கூலர் மூணு பின். அதை சி.பி.யூ. பின்னில் சொருகினால், அந்தப் பின் பி.டபிள்யூ.எம். மோடில் இருந்ததால், ஆர்டர் கேட்கத் தெரியாத ஃபேன் முழு வேகத்தில் அலறியிருக்கும். நான் சொருகிப் பார்த்தேன், அலறியது. நாலு மாசம் முன்னால் கடையிலும் இதேதான் நடந்திருக்கணும். 'சத்தமா இருக்கு' என்று வந்த கஸ்டமருக்கு அதைவிடச் சத்தமான ஃபேனைக் கொடுக்க முடியுமா? அதனால் கேபினட் பின்னுக்கு மாற்றியிருக்கிறார்கள். சத்தம் நின்றது. ஏன் நின்றது? இந்த போர்டில் கேபினட் பின்னுக்கு பாஸ் வேற! அது ப்ராசஸர் சூட்டைப் பார்ப்பதில்லை, போர்டின் சூட்டைப் பார்த்து வேகத்தை முடிவுசெய்யும்படி செட் ஆகியிருந்தது. போர்டு 38 டிகிரியில் ஜாலியாக இருக்கிறது. 'எல்லாம் நலம், 800 ஆர்.பி.எம். போதும்' என்று அது ஆர்டர் போடுகிறது. அந்தப் பக்கம் ப்ராசஸர் வெந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் ஆன் செய்யும்போது 'சி.பி.யூ. ஃபேன் எரர்' என்று திரையில் வந்திருக்கணுமே? கேட்டேன். ''முதல் நாள் வந்துச்சுண்ணா. எஃப்1 அமுக்குனு வந்துட்டே இருந்துச்சு. கடைக்காரர்கிட்ட சொன்னேன். செட்டிங்ல ஏதோ இக்னோர்னு மாத்திக் கொடுத்தார். அப்புறம் வரவே இல்லை'' என்றான்.

குழந்தை அழுகிறதென்று வாயில் பிளாஸ்டர் ஒட்டிய கதை. பயாஸில் அந்த 'இக்னோர்' ஒரு நிஜமான ஆப்ஷன்தான். ப்ராசஸரைத் தண்ணீர் சுத்தவிட்டுக் குளிரவைக்கும் ஆசாமிகள் சிலருக்கு அது தேவைப்படும். காற்றில் ஆறும் நம்ம மெஷின்களில் அதைத் தொட்டால், புகை வந்தபிறகும் மணியடிக்காத ஃபயர் அலாரம்தான் மிச்சம்.

கூலரைக் கழற்றலாமென்று நாலு மூலையிலும் இருக்கும் பிளாஸ்டிக் பின்களைத் தொட்டேன். மூணு கெட்டியாக இருந்தது. நாலாவது என் விரலோடு வந்துவிட்டது! பூட்டவே இல்லை. இந்தத் தள்ளுபின் டிசைன் 2004-ல் இன்டெல்லின் 775 சாக்கெட்டோடு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை பேரை அழவைத்திருக்கிறதென்று கணக்கில்லை. 'டக்' என்று சத்தம் வரும்வரை, எதிரெதிர் மூலையாக அமுக்கணும். பிறகு போர்டின் பின்பக்கம் பார்த்து நாலு கால்களும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று உறுதி செய்யணும். ஒரு பின் தூக்கினாலே போதும், ஹீட்சிங்க் சாய்ந்து, ப்ராசஸரில் பாதி அந்தரத்தில் நிற்கும்.

''அண்ணா, இவ்வளவு சூட்டுல நாலு மாசம் ஓடியிருக்கே, எரியலையா?'' நியாயமான கேள்வி. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்கிற இணையதளம் ஒரு சோதனை செய்து வீடியோவாகப் போட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில், கேம் நடுவிலேயே, ப்ராசஸர் மேலிருந்த ஹீட்சிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் புகைவிட்டுச் செத்தது. பென்டியம்-3 அப்படியே உறைந்து நின்றது. பென்டியம்-4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, கேமை நத்தை வேகத்தில் தொடர்ந்து ஓட்டியது. இன்றைக்கு எல்லா ப்ராசஸருமே அந்த பென்டியம்-4 வழியில்தான். தம்பியுடையது இன்டெல் ஐ3-10100. எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் ப்ராசஸர் தானே பிரேக் பிடிக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய சிப், 0.8-ல் தவழ்ந்துகொண்டிருந்தது. அந்த எருமை நடைக்குக் காரணம் வைரஸும் இல்லை, போர்டும் இல்லை. உயிர்பிழைக்க ப்ராசஸர் எடுத்த முடிவு.

இதற்குள் அப்பா உள்ளேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். டர்னர் வீட்டில் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். டின்னுக்குள் நட்டு, போல்ட்டு, வாஷர்களோடு, நாலு மாசம் முன்னால் கழற்றிய ஒரிஜினல் கூலர்!

அவர் அதை வாங்கி, இறக்கையை விரலால் சுண்டிவிட்டு, ஒரு ஸ்குரூடிரைவரின் முனையை ஃபேன் நடுவில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பட்டறையில் பேரிங் பார்க்கிற வழி அது. ''பேரிங் நல்லாத்தான் தம்பி இருக்கு. கரகரப்பே இல்லையே'' என்றார்.

அப்ப ஏன் கத்தியது? ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து பிரித்தோம். அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, கம்பளி மாதிரி ஒரு தூசிப் படுகை. வீடு சி.டி.எச். ரோட்டிலிருந்து ரெண்டாவது தெரு. நாள் முழுக்க லாரி. காற்று உள்ளே போக வழியில்லாததால் ப்ராசஸர் சூடாகி, 'வேகமா சுத்து' என்று போர்டு கத்த, ஃபேன் கத்தியிருக்கிறது. அது தன் வேலையைத்தான் பார்த்தது. நாம் அதற்கு டிஸ்மிஸ் ஆர்டர் கொடுத்து, டின்னில் போட்டுவிட்டோம்.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை எடுத்தோம். (ப்ளோயர் வைத்து ஊதுபவர்கள் ஒரு விரலால் இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தறிகெட்டுச் சுத்தினால் பேரிங்குக்கும் ஆகாது. மோட்டார் டைனமோவாகி போர்டுக்குள் கரன்ட் அனுப்பும் வாய்ப்பும் உண்டு.) காய்ந்துபோன பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்தேன். 150 ரூபாய் டியூப். நாலு பின்னும் 'டக், டக், டக், டக்'. வயர் சி.பி.யூ. பின்னில். இக்னோரை எடுத்தாச்சு. புது ஃபேனையும் வீணாக்காமல், அதன் ஹீட்சிங்கிலிருந்து பிரித்து கேபினட்டின் பின்பக்கம் மாட்டினேன். அந்தப் பின்னுக்கு அதுதான் சரியான வேலை.

ஆன். 41 டிகிரி. 1,100 ஆர்.பி.எம். அம்மா ஃபில்டர் காபி கொடுத்தார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு போன். ''அண்ணா... திரும்ப அணைஞ்சிடுச்சு.''

எனக்கு வியர்த்துவிட்டது. டெஸ்ட்டுக்கு 23 மணி நேரம்தான் பாக்கி. ''சூடு எவ்வளவு இருந்துச்சு?'' ''பார்த்துட்டேதான் இருந்தேன். 52.'' 52 டிகிரியில் எந்த ப்ராசஸரும் அணையாது. ஒருவேளை கடைக்காரர் சொன்னதுதான் சரியோ, போர்டுதானோ என்று ஒரு நிமிஷம் எனக்கே ஆட்டம் கண்டது. அப்புறம்தான், ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டேன்.

''அணையும்போது மானிட்டர் லைட் என்னாச்சு?''

''அதுவும்தான் அணைஞ்சிடுச்சு.''

ஃப்ரெண்ட்ஸ், இந்த இடத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டது திருமுல்லைவாயல் வரை கேட்டிருக்கும். மதர்போர்டு, ராம், கேபினட் எஸ்.எம்.பி.எஸ்... இதில் எது செத்தாலும் மானிட்டர் சாகாது. 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு, சின்ன லைட்டோடு உயிரோடு இருக்கும். அதற்குத் தனி கரன்ட். மானிட்டரும் சேர்ந்து போகிறது என்றால் கோளாறு கேபினட்டுக்குள் இல்லை. ரெண்டுக்கும் பொதுவாக, வெளியே இருக்கும் ஒன்றில். மேஜைக்கு அடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில், யாரும் குனிந்தே பார்க்காத யு.பி.எஸ்.

''பெட்ரூம் ஏ.சி. ஸ்டெபிலைசர்ல நம்பர் தெரியுமே, எவ்வளவு காட்டுது?'' ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ''172.'' 230 இருக்கவேண்டிய இடம்! ஜூன் மாசம், ராத்திரி ஏழரை, தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. போட்டிருக்கிறார்கள். வோல்டேஜ் இறங்குகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனதும் யு.பி.எஸ். 'டிக்' என்று பேட்டரிக்கு மாறுகிறது. அந்த பேட்டரி நாலு வருஷத்துக்கு முன் வாங்கியது. 12 வோல்ட், 7 ஏ.ஹெச். அடைத்த பேட்டரிகள் நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு வருஷம் தாங்கினாலே பெரிசு. பாவம், செத்து ரொம்ப நாளாகியிருக்கிறது. மாறிய அரை செகண்டில் எல்லாம் இருட்டு. பகலில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நல்ல கரன்ட்டில் அணையவே அணையாது. ஆனால் சூட்டில் தவழும். அவர்களும் ரெண்டையும் முடிச்சுப் போட்டு போர்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். நானும் அதே முடிச்சைத்தான் வேற மாதிரி போட்டேன்: சூடு சரியானால் அணைவதும் சரியாகும் என்று. ஒரே மெஷினில் சம்பந்தமே இல்லாத ரெண்டு வியாதி.

ஷிஃப்ட் முடித்து வந்துகொண்டிருந்த அப்பாவுக்கு போன் போனது. அம்பத்தூர் ஓ.டி.யில் கடை மூடுவதற்குள் பேட்டரியைப் பிடித்துவிட்டார். ஆயிரத்துச் சொச்சம். யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாற்றி, ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டார்கள். காலையில் கம்ப்யூட்டரைக் கோக்காமல், முதலில் ஒரு டேபிள் லேம்ப்பைச் சொருகி, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தான். லேம்ப் நின்று எரிந்தது. உங்கள் வீட்டு யு.பி.எஸ்.ஸையும் இப்படி மாசம் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். 2012-ல் சென்னைக்குள்ளேயே தினம் ரெண்டு மணி நேரம் பவர் கட் இருந்தது. அதனால் பேட்டரி செத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இப்போது கரன்ட் அவ்வளவாகப் போவதில்லை. பேட்டரி சத்தமில்லாமல் செத்து, டெஸ்ட் அன்றைக்குத்தான் தகவல் சொல்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு உட்கார்ந்தான். ஏழே காலுக்கு யு.பி.எஸ். ரெண்டு தடவை 'பீப்' என்றதாம். எழுந்து பார்க்கவில்லையாம். எட்டு மணிக்கு முடித்தான். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மொத்தச் செலவு பேஸ்ட்டும் பேட்டரியும்தான். மதர்போர்டு அதே மதர்போர்டு.

நிஜமாகவே போர்டு போவதும் உண்டு, மறுக்கவில்லை. என் முதல் மெஷின் அப்படித்தான் போனது. 2004-ல் வாங்கியது. ரெண்டே வருஷத்தில் நினைத்தபோதெல்லாம் ரீஸ்டார்ட். திறந்து பார்த்தால், ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டி டிரம் மாதிரி கபாசிட்டர்களின் தலை உப்பி, ரெண்டு மூன்றில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. எனக்கு மட்டும் வந்த கெட்ட நேரமென்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது உலகம் முழுக்க வந்த கொள்ளைநோய். 1999 தொடங்கி 2007 வாக்கில் வரை, உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாத கபாசிட்டர்கள் லட்சக்கணக்கான போர்டுகளில் ஏறிவிட்டன. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களுக்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. உங்கள் பரணில் அந்தக் காலத்து மெஷின் இருந்தால் தகடைத் திறந்து பாருங்கள். கபாசிட்டர் தலை தட்டையாக இருக்கணும். உப்பியிருந்தால் அதற்குமேல் ஃபேனை மாற்றுவது, விண்டோஸ் போடுவது எல்லாம் வீண் வேலை. இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் திட கபாசிட்டர். இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. அதனால்தான், நாலு வயசு மெஷினைப் பார்த்த உடனே 'போர்டு காலி' என்று யாராவது சொன்னால், 'எதை வெச்சு சொல்றீங்க?' என்று மரியாதையாகக் கேளுங்கள். சூடு எவ்வளவு, 12 வோல்ட் லைனில் எவ்வளவு வருகிறது (11.4-லிருந்து 12.6-க்குள் இருக்கணும்), வேறு ஒரு எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்த்தீர்களா... கேட்க வேண்டியது இவ்வளவுதான். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

அப்படியே மாற்றித்தான் ஆகணுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள். ஆவடி, அம்பத்தூர் ஆட்களுக்கு லோக்கல் டிரெயினில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். மிச்சம் நடை. பில் வாங்காமல் வராதீர்கள். வாரன்டி ஸ்டிக்கரைவிட பில்தான் பேசும்.

மெயில் பையிலிருந்து ரெண்டு கேள்வி:

'ஆன் செய்தால் எல்லா ஃபேனும் சுத்துகிறது. ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை. ப்ராசஸர் போய்விட்டதா?' என்று பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகி.

ப்ராசஸர் சாவது அபூர்வம். மேலே இருக்கிற எல்லாம் செத்தபிறகுதான் அதன் முறை வரும். முதலில், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில் சொருகியிருக்கிறீர்களா, போர்டில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுதான். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்கக் கலர் முனையைச் சுத்தமான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் தூளைத் துடைத்துவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை சொருகுங்கள். ரெண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றணும். நாலையும் ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால், எது கோளாறென்று கடைசிவரை தெரியாது.

'ஃபேன் கரகரங்குது. பாட்டி தேங்கா எண்ணெய் விடச் சொல்றாங்க. விடலாமா?' இது பட்டாபிராமிலிருந்து.

பாட்டியின் யோசனையில் பாதி சரி. ஸ்டிக்கரை மெதுவாக உரித்தால் சில ஃபேன்களில் புஷ் தெரியும். அதில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும், வேண்டாம். எண்ணெய் விட்டும் ரெண்டு வாரத்தில் மறுபடி கரகரத்தால் ஃபேனை மாற்றிவிடுங்கள். வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள்; மூணு பின்னா, நாலு பின்னா என்று கடையில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.